அறைக்கே வரும் டிரிப்: ஹேங்ஓவர் வியாபாரத்தில் யாரும் கேட்காத கேள்வி

2012 ஏப்ரலில் லாஸ் வேகாஸின் ஸ்ட்ரிப் சாலையில் ஒரு பஸ் ஓட ஆரம்பித்தது. பெயர் 'ஹேங்ஓவர் ஹெவன்', அதாவது குடித்த மறுநாள் காலைத் தொல்லைக்கு ஒரு சொர்க்கம். உள்ளே படுக்கைகள், மேலே தொங்கும் உப்புநீர்ப் பைகள், ஊசியோடு செவிலியர்கள். முந்தின ராத்திரி அளவு மீறிக் குடித்தவர்கள் காலையில் வந்து ஏறுவார்கள். முக்கால் மணி நேரம் படுத்திருந்துவிட்டு இறங்கிப் போவார்கள். நடத்தியவர் ஜேசன் பர்க், மயக்க மருந்து மருத்துவர். ஆபரேஷன் முடிந்து கண் திறக்கிற நோயாளிக்கு வரும் குமட்டல், வலி, நாவறட்சி ஆகியவற்றைச் சமாளிப்பது அவருடைய அன்றாட வேலை. குடித்துவிட்டு எழுந்தவனுக்கும் ஏறக்குறைய அதே தொல்லைகள்தான். அங்கே கேட்கிற மருந்து இங்கே ஏன் கேட்காது என்பது அவர் போட்ட கணக்கு.

பேக்கேஜ் 90 டாலரில் தொடங்கியது. 'ரிடெம்ப்ஷன்', 'சால்வேஷன்' என்று பெயர் வைத்திருந்தார்கள், அதாவது மீட்பு, இரட்சிப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சில் கிடைக்க வேண்டியது பஸ்ஸில் கிடைத்தது.

ஆனால் இந்தத் தொழிலின் எதிர்காலம் பஸ்ஸில் இல்லை. தலை வெடிக்கிற ஆளுக்குக் கட்டிலை விட்டு எழுவதே பெரும்பாடு. அவன் எங்கே தெருவுக்கு வந்து பஸ் ஏறுவது? அதனால் சேவை ஹோட்டல் அறைக்குப் போனது. மற்ற நகரங்களில் கிளம்பிய கம்பெனிகள் நேராக வீட்டுக்கே போயின. போனில் பட்டனை அழுத்தினால் ஒரு மணி நேரத்தில் செவிலியர் பையோடு வாசலில் நிற்பார். கல்யாண வீடு, இசை விழா, பேச்சிலர் பார்ட்டி என்று மொத்த ஆர்டரும் எடுப்பார்கள். லாஸ் வேகாஸின் வேடிக்கையாகத் தொடங்கியது பத்து வருடத்துக்குள் அமெரிக்கா முழுக்க ஒரு சாதாரண வீட்டுச் சேவை ஆகிவிட்டது.

இந்த ஆய்வு அந்த மாற்றத்தைப் பற்றியது. பஸ்ஸை நடத்தியவர் ஒரு டாக்டர். வண்டி வீட்டு வாசலுக்கு வந்து சேர்வதற்குள் டாக்டர் எங்கேயோ வழியில் இறங்கிவிட்டார்.

ஒரு காலை நேரத்து அழைப்பு

நடைமுறையில் இது எப்படிப் போகிறது என்று கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்க்கலாம். காலை பத்து மணி. ஜன்னல் திரை இழுத்து மூடிய அறை, பக்கத்து மேஜையில் பாதி குடித்த தண்ணீர் பாட்டில். கட்டிலில் இருப்பவர் ஆப்பில் ஏற்கெனவே ஒரு படிவம் நிரப்பிவிட்டார். அலர்ஜி உண்டா, இதய நோய் உண்டா, சிறுநீரகக் கோளாறு உண்டா? இல்லை, இல்லை, இல்லை. எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்திருக்கும் நர்ஸ் பிராக்டிஷனர் (மருந்து எழுதும் அதிகாரம் உள்ள மேல்நிலைச் செவிலியர்) ஒருவர் வீடியோவில் ஓரிரு நிமிடம் பேசி அனுமதி கொடுத்திருப்பார். சில இடங்களில் அதுவும் கிடையாது. டாக்டர் எப்போதோ கையெழுத்துப் போட்டுவைத்த பொது உத்தரவு ஒன்று எல்லாருக்கும் செல்லும்.

செவிலியர் ரத்த அழுத்தம் பார்க்கிறார். முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பு தேடுகிறார். உடம்பு வற்றிப்போன ஆளுக்கு நரம்பு லேசில் கிடைக்காது. கையைத் தொங்கவிடச் சொல்கிறார், விரல்களை மடக்கி விரிக்கச் சொல்கிறார், தட்டிப் பார்க்கிறார். வென்ஃப்ளான் என்ற சின்ன பிளாஸ்டிக் குழாய் நரம்பில் ஏறியதும் ஒரு லிட்டர் பை ஓட ஆரம்பிக்கும். மாட்ட ஸ்டாண்ட் இல்லையென்றால் திரைக் கம்பியிலோ அலமாரிக் கைப்பிடியிலோ தொங்கும். பிறகு ஊசி வழியாக இரண்டு மருந்து: வாந்திக்கு ஒண்டான்செட்ரான், வலிக்குக் கீட்டோரொலாக். மேலே காசு கொடுத்தால் பி12, வைட்டமின் சி, குளுட்டாதயோன். நாற்பத்தைந்து நிமிடம். பை வற்றியதும் ஊசியை உருவி, பஞ்சு வைத்து ஒட்டி, சிவப்பு டப்பாவில் ஊசியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

பணம் எங்கே நிற்கிறது என்று பார்த்தால், உப்புநீர்ப் பைக்கும் டியூபுக்கும் மொத்த விலையில் சில டாலர்கள்தான். செலவில் பெரிய பங்கு செவிலியரின் நேரமும் வண்டி ஓட்டமும். வாடிக்கையாளர் கட்டுவதோ பல நகரங்களில் 200 டாலருக்கு மேல். கூடுதல் வைட்டமின் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். ஏற்கெனவே ஊசி ஏறியிருக்கும் கையில் இன்னொரு மருந்தைத் தள்ள ஒரு நிமிடம்கூட ஆகாது, லாபம் அங்கேதான். ஓட்டலில் தோசையை விட மேலே போடும் நெய்க்கு அதிகம் வாங்குகிற மாதிரி.

இன்னொரு விஷயம் வெளியே அவ்வளவாகத் தெரியாது. அமெரிக்க மருத்துவத்தில் 'இந்தச் சிகிச்சை இவருக்குத் தேவையா' என்று விடாமல் நச்சரிக்கும் ஒரே ஆள் இன்சூரன்ஸ் கம்பெனி. அது கேட்பது பணத்தை மிச்சம் பிடிக்கத்தான்; ஆனாலும் கேட்கிறது. ஹேங்ஓவர் டிரிப்புக்கு இன்சூரன்ஸ் கிடையாது, எல்லாம் ரொக்கமும் கார்டும்தான். அதனால் அந்த ஒரு கேள்வியும் இல்லாமல் போனது. வாடிக்கையாளர் மெனுவைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார், தூரத்து நர்ஸ் பிராக்டிஷனர் தலையாட்டுகிறார், வந்தவர் குத்துகிறார், முதலாளி கணக்குப் பார்க்கிறார். இந்த நான்கு பேரில் நோயாளியைப் பார்த்து முடிவெடுத்தவர் யார் என்று கேட்டால் ஒருவர் மற்றவரைக் காட்டுவார்.

நம் ஊர் ஆள் இதைப் படித்துவிட்டுச் சிரிக்க வேண்டாம். 'உடம்பு அசதியா இருக்கு டாக்டர், ஒரு குளுக்கோஸ் ஏத்திவிடுங்க' என்று கிளினிக்கில் கேட்டு வாங்குவது நமக்குப் பழக்கம்தான். ஏற்றாத டாக்டர் கைராசி இல்லாதவர். நம்மிடம் கெஞ்சலாக இருப்பது அவர்களிடம் மெனு கார்டாக அச்சாகியிருக்கிறது.

பைக்குள் இருப்பது என்ன செய்யும்?

உப்புநீர்ப் பை என்பது லிட்டருக்கு 9 கிராம் உப்பு கரைத்த சுத்தமான தண்ணீர். வயிற்றுப்போக்குக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் சர்க்கரை, உப்பு, பொட்டாசியம், சிட்ரேட் எல்லாம் சேர்த்து லிட்டருக்கு 20.5 கிராம். வாந்தி நின்று வாயால் குடிக்க முடிகிற ஆளுக்கு இரண்டாவதே போதும். அமெரிக்காவில் பீடியாலைட் என்ற, குழந்தைகளுக்கான இதே மாதிரிப் பானத்தை, மது குடித்த மறுநாள் பெரியவர்களே வாங்கிக் குடிப்பது அதனால்தான். நம் பக்கம் மோரும் நீராகாரமும் செய்கிற வேலையும் ஏறக்குறைய இதுதான்.

இதை விடப் பெரிய சிக்கல், ஹேங்ஓவர் என்பது வெறும் நீரிழப்பு இல்லை என்பது. ஆல்கஹால் உடம்பில் நீரைத் தக்கவைக்கும் ஹார்மோனை அடக்குவது உண்மை. அதனால்தான் குடிக்கும்போது அடிக்கடி சிறுநீர் கழிக்க ஓடுகிறார்கள். ஆனால் ஹேங்ஓவரின் கடுமையும் நீரிழப்பின் அளவும் கைகோத்துப் போவதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. கல்லீரல் ஆல்கஹாலை உடைக்கும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு, உடம்பு முழுக்கக் கிளம்பும் அழற்சி, கெட்டுப்போன தூக்கம், எரிந்துபோன இரைப்பை எல்லாம் சேர்ந்தது அது. விஸ்கி, பிராந்தி போன்ற அடர் நிற மதுவில் இருக்கும் துணைப் பொருள்கள் இன்னும் கொஞ்சம் கூட்டிவிடும். இவற்றில் எதையும் உப்புநீர் கழுவிக்கொண்டு போகாது. ஆல்கஹாலைக் கல்லீரல் தன் வேகத்தில்தான் உடைக்கும். பை அதை அவசரப்படுத்தாது.

ஆஸ்திரேலியாவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 144 போதை நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உப்புநீர் ஏற்றி, மறு பாதிக்கு ஏற்றாமல் பார்த்தார்கள். 2013இல் முடிவு வந்தது. உப்புநீர் ஏறியவர்கள் மற்றவர்களை விடச் சீக்கிரம் வீட்டுக்குப் போகவில்லை. அது போதையைப் பற்றிய ஆய்வு, மறுநாள் தலைவலியைப் பற்றியது அல்ல. ஆனாலும் 'ஏற்றினால் தெளியும்' என்கிற நம்பிக்கைக்கு அது நல்ல பதில். ஹேங்ஓவருக்கென்றே செய்த சோதனைகளை லண்டன் கிங்ஸ் கல்லூரிக்காரர்கள் 2022இல் தொகுத்தபோது 21 சோதனைகள் தேறின. மொத்தம் 386 பேர். 23 பொருள்கள். எல்லாவற்றுக்கும் ஆதாரத்தின் தரம் மிகத் தாழ்வு.

அப்படியானால் டிரிப் போட்டதும் ஆள் எழுந்து நிற்பது பொய்யா? இல்லை. குமட்டல் நிற்பது ஒண்டான்செட்ரானால். நம் ஊரில் வாந்திக்கு நாக்கில் கரையக் கொடுக்கிற அதே மருந்து. தலைவலி போவது கீட்டோரொலாக்கால். இருட்டறையில் முக்கால் மணி நேரம் அசையாமல் படுத்திருந்ததும், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கவனித்துக்கொண்டதும், 200 டாலர் கொடுத்துவிட்டோம் என்கிற நினைப்பும் மீதி வேலையைச் செய்திருக்கும். விற்கப்படுவது ஒரு வாந்தி மருந்தும் ஒரு வலி மருந்தும். விளம்பரத்தில் பளபளப்பது பையும் வைட்டமினும்.

அந்த வலி மருந்திலும் ஒரு முரண் இருக்கிறது. கீட்டோரொலாக்கின் மேல் அமெரிக்க உணவு மருந்துத் துறை கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை வைத்திருக்கிறது, அதனிடம் உள்ளதிலேயே கடுமையான எச்சரிக்கை. இரைப்பையில் ரத்தக் கசிவு உண்டாக்கலாம். நீர் வற்றிச் சிறுநீரகம் கெடும் அபாயத்தில் இருப்பவருக்குக் கொடுக்கக் கூடாது. கம்பெனி வாடிக்கையாளரிடம் என்ன சொல்லி டிரிப் விற்கிறது? 'உங்கள் உடம்பு வற்றிப்போயிருக்கிறது' என்று. அது உண்மையானால் அந்த மருந்தை ஏற்றும் முன் யோசிக்க வேண்டும். உண்மையில்லை என்றால் பையே தேவையில்லை. ராத்திரி முழுக்கச் சாராயத்தில் ஊறிய இரைப்பை வேறு. ஆஸ்பத்திரியில் இதை எழுதும் டாக்டருக்கு இது முதல் பாடம். மெனு கார்டில் இதற்கு ஒரு வரி வராது.

கையெழுத்துப் போட்டது யார்?

ஒரு சின்ன கணக்கு. ஒருவர் விடிகாலை நான்கு மணிக்குக் கடைசிக் கிளாஸை வைக்கும்போது ரத்தத்தில் ஆல்கஹால் 0.20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வேகாஸில் அது அரிய எண் ஒன்றும் இல்லை. உடம்பு மணிக்குச் சுமார் 0.015 வீதம் குறைக்கும். பத்து மணிக்குச் செவிலியர் கதவைத் தட்டும்போது 0.11 மீதி இருக்கும். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் வண்டி ஓட்டச் சட்டம் விடும் எல்லை 0.08. கார் சாவியைக் கையில் கொடுக்கக் கூடாத நிலையில் இருப்பவர்தான் ஆப்பில் விரலால் கிறுக்கிச் சம்மதம் தருகிறார்: அபாயங்கள் எனக்கு விளக்கப்பட்டன, புரிந்துகொண்டேன் என்று.

சரியாக நடத்துகிற இடங்களில் போதையோடு இருப்பவரைத் திருப்பி அனுப்புவார்கள். பர்க் போன்ற மருத்துவர் தானே முன்னால் நிற்கும்போது அந்தத் தீர்ப்பு அவர் கையில் இருக்கிறது. தனியாக ஒரு வீட்டுக்குள் போன செவிலியர், ஏற்கெனவே கார்டில் பணம் பிடித்துவிட்ட நிலையில், 'உங்களுக்கு இன்னும் தெளியவில்லை, நான் போகிறேன்' என்று சொல்வது வேறு விஷயம். அந்த நேரத்துக்கு அவருக்குச் சம்பளம் உண்டா என்பதில்தான் நெறிமுறை நிற்கிறது. ஒரு விசிட்டுக்கு இவ்வளவு என்று கூலி வைத்த இடத்தில், திரும்பிப் போகிறவர் தன் பெட்ரோல் காசையும் இழந்துவிட்டுப் போகிறார்.

தப்பாகப் போனபோது

2021 பிப்ரவரியில் ஒரு 50 வயதுப் பெண்மணி தன் வீட்டிலேயே வைட்டமின் டிரிப் போட்டுக்கொண்டார். அதன் பிறகு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தத்தில் கிருமி பரவிப் பல உறுப்புகள் செயலிழந்த நிலை என்று சிகிச்சை கொடுத்தார்கள். ரத்தப் பரிசோதனையில் சூடோமோனாஸ் வகைக் கிருமி வளர்ந்தது. ஈரம் இருக்கும் இடமெல்லாம் வாழும் கூட்டத்தைச் சேர்ந்தது அது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்க உணவு மருந்துத் துறை வெளியிட்ட எச்சரிக்கையில் இந்தச் சம்பவம் இருக்கிறது. துறையின் கவலை வெளிப்படையானது. குப்பியைத் திறந்து பையில் கலப்பது மருந்து தயாரிப்பு. அதை ஆஸ்பத்திரி பார்மஸியில் காற்றை வடிகட்டிய அறையில், கையுறையும் கவுனும் போட்டுச் செய்வார்கள். டிரிப் கடைகளிலும் வீடுகளிலும் மேஜை மேல் வைத்துச் செய்கிறார்கள். வாய் வழியாகப் போகும் கிருமிக்கு வயிற்று அமிலம் ஒரு காவல். நரம்பு வழியாகப் போவதற்குக் காவலே இல்லை.

இரண்டு வருடம் கழித்து டெக்சாஸ். 2023 ஜூலையில் வொர்த்தம் என்ற சின்ன ஊரில் ஒரு மெட் ஸ்பாவில், அதாவது ஊசியும் போடும் அழகு நிலையத்தில், டிரிப் ஏற்றிக்கொண்ட 47 வயதுப் பெண் இறந்துபோனார். ஹேங்ஓவருக்காகப் போனவர் அல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் கடையின் அமைப்பு இதே அச்சு. ஏற்றியவர் டாக்டரும் இல்லை, செவிலியரும் இல்லை, கடையை நடத்தியவர். பொறுப்பு மருத்துவர் என்று காகிதத்தில் பெயர் இருந்தவர் அந்த இடத்திலேயே இல்லை. மாநில மருத்துவ வாரியம் பிறகு அவருடைய உரிமத்தை நிறுத்திவைத்தது. பைக்குள் போனதில் பொட்டாசியம் போன்ற உப்புகள் கொண்ட எலக்ட்ரோலைட் கரைசலும் இருந்தது. அது சாப்பிட முடியாத நோயாளிக்கு நரம்பு வழியாக உணவு கொடுக்கும்போது, ரத்தப் பரிசோதனையைப் பார்த்து அளவு போட்டுக் கலக்குவது. பொட்டாசியம் எவ்வளவு, எந்த வேகத்தில் என்பதில் கொஞ்சம் பிசகினாலும் இதயம் நின்றுவிடும் என்பது டிரிப் போடப் படித்த எவருக்கும் தெரிந்த சங்கதி.

டெக்சாஸ் சட்டமன்றம் 2025இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. இறந்தவரின் முதற்பெயரால் 'ஜெனிஃபர் சட்டம்' என்று அழைக்கிறார்கள். செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. விருப்பத்தின் பேரில் போடும் டிரிப்பைக்கூட, மருத்துவரின் மேற்பார்வையில், பதிவுபெற்ற செவிலியரோ, பிசிஷியன் அசிஸ்டெண்ட் என்ற பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளரோ, அந்தத் தகுதியில் உள்ளவரோதான் ஏற்ற வேண்டும் என்கிறது. ஊசியை யார் பிடிக்கலாம் என்பதற்கு இப்போது பதில் இருக்கிறது. ஏற்றத்தான் வேண்டுமா என்பதற்கு இல்லை.

விளம்பரத்தின் பக்கம் முன்பே கை வைத்தாகிவிட்டது. 2018இல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் டிரிப் விற்பவர் மேல் தன் முதல் நடவடிக்கையை எடுத்தது, டெக்சாஸின் ஐ.வி. பார்ஸ் என்ற கம்பெனி மேல். புற்றுநோய், இதயச் செயலிழப்பு வரைக்கும் கேட்கும் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். விற்றது 'மையர்ஸ் காக்டெயில்'. அதன் கதையே தனி. பால்டிமோரில் ஜான் மையர்ஸ் என்ற டாக்டர் நோயாளிகளுக்கு வைட்டமின் ஊசி போட்டுவந்தார், 1984இல் இறந்தார், அளவைச் சரியாக எழுதிவைக்கவில்லை. அவருடைய நோயாளிகள் ஆலன் கேபி என்ற டாக்டரிடம் வந்து 'எங்களுக்கு அதே ஊசி வேண்டும்' என்றார்கள். அவர் உத்தேசமாக ஒரு கலவை செய்து அதற்குப் பழையவரின் பெயரையே வைத்தார். இன்று ஊர் ஊராக மெனு கார்டில் இருப்பது அந்த உத்தேசம்தான்.

ஜெர்மனியில் விஷயம் வேறு பக்கம் போனது. 2019 செப்டம்பரில், மியூனிக்கில் பீர் திருவிழா நடந்துகொண்டிருந்த வேளையில், ஃபிராங்க்ஃபர்ட் உயர் மண்டல நீதிமன்றத்தின் தீர்ப்பு வெளிவந்தது: ஹேங்ஓவர் ஒரு நோய். கேட்டதும் குடிகாரர்களுக்கு மெடிக்கல் லீவு கிடைத்துவிட்டது போலத் தோன்றும். தீர்ப்பின் நோக்கம் வேறு. உணவுப் பொருளை விற்பவர் 'இது நோயைத் தீர்க்கும்' என்று விளம்பரம் செய்யக் கூடாது என்பது சட்டம். ஹேங்ஓவரும் நோய் என்றால் ஹேங்ஓவர் பானத்தையும் அப்படி விற்கக் கூடாது. தென் கொரியா 1992 முதல் இந்தப் பானங்களைக் கடை கடையாக விற்கும் நாடு. அங்கே 2025 ஜனவரி முதல், போதை தெளிய உதவும் என்று லேபிளில் போட வேண்டுமானால் மனிதர்கள் மேல் சோதித்த ஆதாரத்தைக் காட்ட வேண்டும்.

பை தீர்ந்துபோனால்

2024 செப்டம்பர் கடைசியில் ஹெலீன் புயல் வட கரோலினா மலைப்பக்கத்தை மூழ்கடித்தது. மேரியன் ஊருக்குப் பக்கத்தில் பேக்ஸ்டர் கம்பெனியின் தொழிற்சாலைக்குள் வெள்ளம் புகுந்தது. ஒரு நாளைக்குச் சுமார் 15 லட்சம் பைகள் செய்த இடம் அது. அமெரிக்காவின் டிரிப் திரவத்தில் ஏறக்குறைய 60 சதவீதம். ஆஸ்பத்திரிகள் தள்ளிப்போடக்கூடிய ஆபரேஷன்களைத் தள்ளிப்போட்டன. குடிக்க முடிகிற நோயாளிக்கு டிரிப்பை நிறுத்தி வாயால் கொடுக்கச் சொன்னார்கள். வெளிநாட்டுத் தொழிற்சாலைகளிலிருந்து பை இறக்க அரசு அனுமதி கொடுத்தது. முதல் தடவையும் இல்லை. 2017இல் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவை அடித்தபோதும் இதே தட்டுப்பாடுதான்.

ஹோட்டல் அறைக் கட்டிலுக்கு மேலே தொங்குவதும் அதே பை. தனியாக வேறு கிணற்றில் இறைத்தது இல்லை. 'என் காசு, என் நரம்பு, உனக்கென்ன' என்ற வாதத்துக்கு எல்லா நாளும் பதில் சொல்வது கஷ்டம். அந்த அக்டோபரில் சொல்ல முடிந்தது. ஆஸ்பத்திரிகள் அந்த மாதம் செய்தது என்ன? வாயால் குடிக்க முடிகிறவருக்குப் பை வேண்டாம் என்று அவரவர் கட்டிலருகே நின்று முடிவெடுத்தன. தட்டுப்பாடு வந்ததும் 'தேவையா?' என்ற கேள்வி தானாக வந்துவிட்டது. அதற்கு அவர்கள் கண்ட பதிலின்படி பார்த்தால், ஹேங்ஓவர் வாடிக்கையாளர் பெரும்பாலும் வரிசையிலேயே நிற்க மாட்டார்.

திரும்பத் திரும்ப வருகிறவர்

எனக்கு இந்த வியாபாரத்தில் உறுத்துவது கிருமியோ விலையோ அல்ல. கிருமியைச் சட்டம் பார்த்துக்கொள்ளும், விலை கொடுப்பவன் பாடு. வருடத்தில் ஒரு தடவை நண்பன் கல்யாணத்தில் கூடுதலாகக் குடித்துவிட்டு, மத்தியானம் விமானம் பிடிக்க வேண்டியவன், உரிமம் உள்ள ஒரு டாக்டரிடம் 200 டாலர் கொடுத்து எழுந்து நிற்கிறான் என்றால் அதில் பெரிய பாவம் ஒன்றும் இல்லை. எமர்ஜென்சி வார்டில் ஒரு கட்டில் மிச்சம் என்றுகூடச் சொல்லலாம். பர்க்கின் பஸ்ஸை நான் அந்தக் கணக்கில் வைக்கிறேன்.

ஆனால் எந்தக் கடைக்கும் வருடத்துக்கு ஒரு தடவை வருகிறவன் பெரிய வாடிக்கையாளன் இல்லை. மாதம் மூன்று தடவை கூப்பிடுகிறவன்தான் பெரிய வாடிக்கையாளன். மாதச் சந்தா, பத்து டிரிப்புக்கு ஒன்று இலவசம் என்கிற திட்டங்கள் அவனுக்காக உண்டானவை. மாதம் மூன்று தடவை டிரிப் தேவைப்படும் அளவுக்குக் குடிப்பவனை மருத்துவத்தில் எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

அவனுடைய காலைத் தொல்லை ஹேங்ஓவர்தானா என்பதே சந்தேகம். தினசரிக் குடிகாரன் குடியை நிறுத்திய ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், குமட்டும், காரணமில்லாமல் பயம் வரும். இவற்றில் பாதி ஹேங்ஓவரிலும் உண்டு. ஹேங்ஓவர் அன்றோடு போய்விடும். குடி நிறுத்தத்தின் பின்விளைவு என்றால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் புத்தி தடுமாறி உயிருக்கே ஆபத்தாகலாம். வாந்தி மருந்தும் உப்புநீரும் முதல் சில அறிகுறிகளை அழகாக மூடிவிடும். செவிலியர் ஆளைப் பார்ப்பது முக்கால் மணி நேரம். வலிப்பு வரும்போது அவர் பக்கத்து ஊரில் இன்னொருவருக்கு நரம்பு தேடிக்கொண்டிருப்பார்.

இதில் ஒரு பழைய விஷயம் ஒளிந்திருக்கிறது. டிரிப் கடைப் படங்களில் பளிச்சென்று தெரியும் அந்த மஞ்சள் பை இருக்கிறதே, அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் அதற்கு வாழைப்பழப் பை என்று செல்லப்பெயர் உண்டு. தயமின், ஃபோலிக் அமிலம், மல்டி வைட்டமின், மெக்னீசியம் கலந்தது. வைட்டமினால்தான் அந்த மஞ்சள். யாருக்காக உண்டானது? வருடக் கணக்கில் குடித்து, சாப்பாடு விட்டுப்போய், தயமின் வற்றி, மூளை பாதிக்கும் நிலையில் வார்டுக்கு வருகிற நோயாளிக்காக. அவருடைய பையைத்தான் கொஞ்சம் மெருகேற்றி, பெயர் மாற்றி, 'வீக்கெண்ட் ரிக்கவரி' என்று விற்கிறார்கள். அந்தப் பை உண்மையிலேயே தேவைப்படும் ஆள் வாடிக்கையாளர் பட்டியலில் இருந்தால், அவருக்கும் அது கிடைக்கும், நோய் கண்டறியப்படாமலேயே.

குடிப்பழக்கத்தைக் கண்டுபிடிக்க ஆடிட்-சி என்று மூன்றே கேள்வி உண்டு. எத்தனை நாளுக்கு ஒருமுறை குடிப்பீர்கள்? குடிக்கிற நாளில் எத்தனை கிளாஸ்? ஒரே தடவையில் ஆறோ அதற்கு மேலோ எத்தனை முறை? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். மொத்தம் 12இல் ஆணுக்கு 4, பெண்ணுக்கு 3 வந்தாலே மேற்கொண்டு பேச வேண்டும் என்பது கணக்கு. அமெரிக்காவில் பல அவசர சிகிச்சைப் பிரிவுகளில், அடிபட்டு வந்தவரிடம் இதைக் கேட்டு அங்கேயே பத்து நிமிடம் பேசி அனுப்புகிறார்கள். குடித்ததால் வந்த வலி இன்னும் அடங்காத அந்த நேரத்தில் மனிதன் காது கொடுப்பான் என்பது அனுபவம்.

வீட்டுக்கு வரும் டிரிப்பில் அந்த நேரம் தங்கத் தட்டில் கிடைக்கிறது. குடித்ததற்கு மறுநாள் காலை. பக்கத்தில் படித்த செவிலியர். கையில் ஊசி இருப்பதால் எழுந்து போகவும் முடியாது. பை வற்ற நாற்பத்தைந்து நிமிடம் ஆகும். மூன்று கேள்விக்கு ஒரு நிமிடம் போதும். கேட்டால் நான்காம் முறை அந்த ஆள் கூப்பிட மாட்டார் என்பது முதலாளிக்குத் தெரியும். கேட்காமல் போனவருக்கு மாதக் கடைசியில் நல்ல ரேட்டிங் வரும்.

பை வற்றிவிட்டது. செவிலியர் பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, டியூபைச் சுருட்டிப் பையில் போடுகிறார். கட்டிலில் இருப்பவர் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்கிறார், சிரிக்கிறார், நன்றி சொல்கிறார். அவர் போனில் ரசீது வந்து விழுகிறது. அதற்குக் கீழே அடுத்த சனிக்கிழமைக்கு இப்போதே முன்பதிவு செய்தால் 20 சதவீதம் தள்ளுபடி.